அடியில் இருந்த இலை

மார்ச் 4, செவ்வாய்

நைட்ரிக் அமிலம் இன்றும் வரவில்லை. படிவத்தில் ‘எதற்காக’ என்ற கட்டத்தில் ‘புதைபடிவ இலையின் தோலைப் பிரிக்க’ என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தேன். ஸ்டோர்காரர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, “இது எத்தனை வருஷத்து இலை மேடம்?” என்றார். பதினைந்து கோடி என்றேன். “அப்போ அடுத்த வாரம் வரைக்கும் கெட்டுப்போகாது” என்று படிவத்தை டிராயருக்குள் போட்டுக்கொண்டார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

தரைத்தளத்தில் புதுக் கூடத்தை ஜூன் பத்தாம் தேதி திறக்கிறார்கள். ‘விதை மூடாத தாவரங்கள்’ என்று தலைப்பு. பைன், சைக்கஸ், கிங்கோ என்று விதையைப் பழத்துக்குள் ஒளிக்காமல் வெளியே காட்டிக்கொண்டு நிற்கிற கூட்டம். கூடவே அந்தக் கூட்டத்தின் அழிந்துபோன சொந்தக்காரர்கள். நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்போவது என் கல். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் நான் விவரித்த சைக்கஸ் வகை இலை. இந்த அருங்காட்சியகத்தில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியதில் நான் பெயர் வைத்த ஒரே இனம் அதுதான். வைத்தது என் தங்கச்சியின் பெயர்.

வீட்டில் சொன்னேன். “உன் சருகுக்கு ஒருவழியா வாழ்வு வந்துடுச்சு” என்றார் இவர். லிஃப்ட் ரிப்பேர்காரரைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான். மேலே போகிறதா, கீழே போகிறதா, அதற்கு மேல் எதுவும் கேட்க மாட்டார்.

மார்ச் 7, வெள்ளி

புகை உறிஞ்சும் பெட்டியின் விசிறி மறுபடி நின்றுவிட்டது. விசிறி ஓடாததால் அமிலம் தர முடியாதாம். அமிலமே வராததால் விசிறி அவசரமில்லையாம். இரண்டையும் ஒரே ஆள்தான் சொன்னார்.

மார்ச் 12, புதன்

சோடாபுட்டி இன்று என் மேஜைக்கு வந்தாள். எட்டு மாதத்துக்கு முன் எங்கள் பிரிவில் சேர்ந்தவள். நல்ல படிப்பு, நல்ல கை. அந்தக் கண்ணாடியின் தடிமனுக்காக நான் மனசுக்குள் வைத்த பெயர் இது, அவளுக்குத் தெரியாது. தெரிந்தாலும் சிரிப்பாள் என்றுதான் நினைக்கிறேன். அதுவே ஒரு எரிச்சல்.

கூடத்துக்காக என் பழைய ஸ்லைடுகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாளாம். “மேடம், ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்காதீங்க.” இப்படி ஆரம்பிக்கிற எதையும் நான் நல்லபடியாக எடுத்துக்கொண்டதில்லை.

“ஸ்லைடுல நரம்புக்கும் நரம்புக்கும் நடுவுல ஒரு மில்லிமீட்டர் இருக்கு. கல்லுல இருக்கிற இலையில அரை மில்லிமீட்டர்தான் இருக்கு.”

அளவுகோலைத் தப்பாகப் போட்டிருப்பாய் என்றேன். மூன்று தரம் போட்டேன் என்றாள். இலை காய்ந்தால் சுருங்கும் என்றேன். “ரெண்டும் ஒரே இலைதானே மேடம், ஒரு இடத்துல மட்டும் எப்படிச் சுருங்கும்?” வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வேலை ஒன்றும் இல்லை.

மார்ச் 13, வியாழன்

நானே அளந்தேன். ஸ்லைடில் ஒன்று. கல்லில் அரை.

மார்ச் 14, வெள்ளி

மறுபடி அளந்தேன். வேறு நுண்ணோக்கியில். அதே.

மார்ச் 20, வியாழன்

ஒரு வாரமாக வாய்க்குச் சோறு பிடிக்கவில்லை. தாளில் எழுதினாலாவது தெளிகிறதா பார்ப்போம்.

அந்தக் காலத்தில் இரண்டு கூட்டம் இருந்தன. ஒன்று சைக்கஸ் கூட்டம், அதன் வாரிசுகள் இன்றும் தொட்டிகளில் இருக்கின்றன. இன்னொன்று பென்னட்டைட்டுகள், அடியோடு அழிந்துபோனவை. இலையைப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். நடுவே காம்பு, இரண்டு பக்கமும் சிறகு மாதிரி அடுக்கு. வெளியே பார்த்து எவராலும் அடித்துச் சொல்ல முடியாது. இலையின் தோலை உரித்து நுண்ணோக்கியில் வைத்தால்தான் குட்டு வெளிப்படும். சைக்கஸில் ஒவ்வொரு இலைத்துளையையும் பல செல்கள் வட்டமாகச் சூழ்ந்திருக்கும், செல் சுவர்கள் நேராக ஓடும். பென்னட்டைட்டில் துளைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, ஒரே ஒரு ஜோடி. சுவர்கள் நெளிநெளியாக இருக்கும்.

நான் அன்று உரித்த தோலில் இருந்தது சைக்கஸ். சந்தேகமே இல்லை, இன்றும் பார்த்தேன். ஆனால் அந்தத் தோல் அந்த இலையுடையதுதானா? நரம்பு பொருந்தவில்லையே. பொருந்தாவிட்டால் நான் யாருடைய தோலை உரித்தேன்?

இலை பென்னட்டைட்டாக இருந்தால் இன்னொரு வில்லங்கம். அச்சு அசலாக அதே வடிவத்தில் ஒரு பென்னட்டைட்டு இலைக்கு நூறு வருஷத்துக்கு முன்பே வேறொருவர் பெயர் வைத்துவிட்டார். முதலில் வைத்த பெயர்தான் நிற்கும். தங்கச்சியின் பெயர், செல்லாத பெயர்களின் பட்டியலில் பொடி எழுத்துக்குப் போய்விடும்.

அவள் தையல் கடைச் சுவரில் என் கட்டுரையின் முதல் பக்கத்தை ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறாள். பேன்ட்டுக்கு அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவாள். “டைனோசர் காலத்துச் செடி. என் பேருதான்.”

மார்ச் 24, திங்கள்

இன்னொரு சாம்பிள் எடுத்துப் பார்த்துவிடலாமே என்கிறாள் சோடாபுட்டி. எடுப்பதற்கு என்ன இருக்கிறது? என் கல்லில் இருப்பது வெறும் அச்சு. கல்லைப் பிளந்தால் இலையின் கரிப்படலம் ஏதாவது ஒரு பாதியோடுதான் ஒட்டிக்கொண்டு போகும். என் பாதியில் காம்பின் கிட்டே மட்டும் கொஞ்சம் படலம் இருந்தது. அதைத்தான் அன்று ஊசியால் நெம்பி எடுத்தேன். தீர்ந்தது.

“அப்போ மறுபாதி?” என்றாள்.

கட்டுரையைப் படி என்றேன். ‘மறுபாதி களத்தில் கிடைக்கவில்லை’ என்று இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அவள் படித்திருந்தாள். மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள்.

மார்ச் 25, செவ்வாய்

அது பொய்.

மார்ச் 30, ஞாயிறு

யாருக்கும் காட்டாத நோட்டுதானே. எழுதிவிடுகிறேன்.

கல்லை உடைத்தது நான் இல்லை. அவள். தங்கச்சி அப்போது கல்லூரியில் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள், லீவில் சும்மா இருக்கிறேனே என்று என்னோடு குவாரிக்கு வந்தாள். மூன்று நாள் நான் தட்டித் தட்டிக் கை மரத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். அவள் சுத்தியலை வாங்கி ஒரே அடி. புத்தகம் திறந்த மாதிரி விரிந்தது. அந்த லீவு முழுக்க அந்த இலையை வரைந்தாள். நூற்றுக்கு மேல் படம். கட்டுரையில் இருக்கிற ஆறு படமும் அவள் போட்டது. அரியர் எழுதப் படிக்காமல் படம் போட்டுக்கொண்டிருந்ததில் அந்த வருஷம் ஃபெயில், அதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டாள்.

கட்டுரை எழுதி முடித்ததும், “என் பேரு எங்க வரும்?” என்றாள். முதல் வருஷம் ஃபெயிலான பெண்ணின் பெயரை ஆசிரியர் வரிசையில் போட்டால் என்னை எவன் மதிப்பான் என்று அன்றைக்கு எனக்குப் பயம். செடிக்கே உன் பெயரை வைக்கிறேன், அதைவிட என்ன வேண்டும் என்றேன். கடைசியில் நன்றி சொல்கிற இடத்தில் ஒரு வரியும் போட்டேன். மறுபாதியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். “நான் உடைச்சது. பாதி எனக்கு.” கேட்டுப் பார்த்தேன், தரவில்லை. நானும் வீம்புக்குக் கிடைக்கவில்லை என்று எழுதினேன். யார் கேட்கப்போகிறார்கள் என்ற திமிர்.

அந்தக் கல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். துணி வெட்டும்போது அளவுக்கு வெட்டிய பேப்பர் நகராமல் இருக்க அதைத்தான் மேலே வைக்கிறாள். துணியில் கரி ஒட்டக்கூடாது என்று ஃபிளானலில் உறை தைத்து மாட்டியிருக்கிறாள். பொத்தான் வைத்த உறை.

ஏப்ரல் 2, புதன்

இயக்குநரிடம் போனேன். பெயர்ப்பலகையைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள், அந்த இலை சைக்கஸ்தானா என்று எனக்கே சந்தேகம் இருக்கிறது என்றேன். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இருபத்திரண்டு வருஷமா இல்லாத சந்தேகமா?”

“இப்பதான் தெரிய வந்தது சார்.”

“பலகை அச்சுக்குப் போயாச்சு. உங்களுக்கு ரிடையர்மென்ட்டுக்கு ரெண்டு வருஷம் இருக்கு. உங்க இலை, உங்க பேரு, நடுக்கூடத்துல வெக்கிறோம். வேற யாராவது இருந்தா ஸ்வீட் வாங்கிக் கொடுப்பாங்க.”

கடுப்பில் கதவை இழுத்துச் சாத்தலாம் என்றால், அந்தக் கதவு தானாக மெதுவாக மூடுகிற ஜாதி. என் கோபம் கூட அதற்குத் தோதாக மெதுவாகத்தான் வெளியே வந்தது.

ஏப்ரல் 4, வெள்ளி

பழைய கோப்பில் தங்கச்சி பென்சிலால் போட்ட மூலப்படம் கிடைத்தது. கட்டுரையில் இருப்பது இதன்மேல் மை போட்ட பிரதி.

காம்புக்குக் கீழே, இலைக்கு அடியிலிருந்து இன்னொரு விளிம்பு எட்டிப் பார்க்கிறது. அழித்திருக்கிறது. ரப்பர் தேய்த்த இடத்தில் தாள் பஞ்சு பஞ்சாக எழும்பியிருக்கிறது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் கோடு விழுந்த பள்ளம் தெரிகிறது. அகலமான நரம்புகள். அளந்தேன். அவள் படங்கள் எல்லாமே பத்து மடங்கு கணக்கு. நரம்புக்கும் நரம்புக்கும் பத்து மில்லிமீட்டர்.

நிஜ அளவில் ஒன்று. ஸ்லைடில் இருக்கிற அதே ஒன்று.

நினைவு வந்துவிட்டது. வராமலே இருந்திருக்கலாம். “அக்கா, இங்க ரெண்டு இலை இருக்கு” என்றாள். அது மடிப்புடி, அதே இலைதான் கீழே மடிந்திருக்கிறது, படத்தைக் குழப்பும், அழித்துவிடு என்றேன். ரப்பரை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

நான் தோலை நெம்பி எடுத்தது அந்த ‘மடிப்பி’லிருந்துதான். அங்கேதான் படலம் சுலபமாகப் பெயர்ந்தது. அடியில் கிடந்த வேறொரு செடியின் தோலை உரித்து, மேலே கிடந்த இலைக்குப் பெயர் வைத்திருக்கிறேன். முட்டாள். படித்த முட்டாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கடைக்குப் போனேன். ஞாயிறு பாதி நாள்தான் திறப்பாள். பள்ளிச் சீருடைகள் மலையாகக் குவிந்து கிடந்தன. கல் மேஜைமேல் இருந்தது.

எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து யோசித்து, கடைசியில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நரம்பு, ஸ்லைடு, அழித்த கோடு. மறுபாதியிலிருந்து மூன்று மில்லிமீட்டர் படலம் கிடைத்தால் சோதித்துவிடலாம் என்றேன். சோதித்தால் அவள் பெயர் பெரும்பாலும் போய்விடும் என்பதையும் சொன்னேன். சொல்லாமல் கல்லை மட்டும் கேட்டு வாங்கியிருக்கலாம். பஸ்ஸில் வரும்போது அதையும் யோசித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மிஷினை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கால்சட்டையின் மடிப்பை முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“ரெண்டு இலைன்னு அன்னைக்கே சொன்னேன்.”

“ஆமாண்டி.”

“நீதான் மடிப்புன்னு சொன்னே.”

“ஆமா.”

“கோடு போட்ட துணியை மடிச்சா மேல இருக்கிற கோடும் கீழ இருக்கிற கோடும் ஒரே அகலம்தானே இருக்கும். இது கூடத் தெரியாமயா உனக்கு டாக்டர் பட்டம் கொடுத்தாங்க?”

கல்லைக் கொடு என்று மட்டும் கேட்டேன்.

“முடியாது.”

ஏப்ரல் 8, செவ்வாய்

போன் எடுக்கவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

போனை அவள் மகள் எடுத்தாள். “அம்மா கடையில பிஸி பெரியம்மா.” பின்னால் அவள் குரல் நன்றாகக் கேட்டது. மகளுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கிறாள். நான் சொல்லத் தகுதியில்லாத வாக்கியம் இது, தெரியும்.

ஏப்ரல் 15, செவ்வாய்

இவரைத் தூது அனுப்பினேன். மச்சான் என்றால் அவளுக்கு ஒரு மரியாதை உண்டு. இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். கையில் கல் இல்லை. சட்டைக்குக் காலர் மாற்றிக் கொடுத்திருக்கிறாள்.

“என்ன சொன்னா?”

“காலர் ரொம்ப நைஞ்சுபோச்சுன்னா.”

“கல்லைப் பத்தி?”

“அதைப் பத்தி நான் கேட்கல. கேக்குற மாதிரி அவ மூஞ்சி இல்ல.”

தலையில் அடித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

அமிலம் வந்துவிட்டது. ஏழு வாரம். விசிறியும் ஓடுகிறது. ஸ்டோர்காரர் பாட்டிலைக் கொடுக்கும்போது, “பத்திரம் மேடம், கையில பட்டா தோல் உரிஞ்சிடும்” என்றார். இப்போது எல்லாம் இருக்கிறது, உரிக்கத்தான் ஒன்றும் இல்லை.

சோடாபுட்டியிடம் உண்மையைச் சொன்னேன். மறுபாதி இருக்கிறது, நான் பொய் எழுதினேன், என் தங்கச்சி தர மறுக்கிறாள். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். திட்டினாலாவது நிம்மதியாக இருந்திருக்கும். “அடியில இருக்கிற இலை நிஜமாவே சைக்கஸ்தானே மேடம். அதுக்கு அவங்க பேரை வெச்சிடலாமே?” என்றாள்.

அதை நான் யோசிக்காமல் இருப்பேனா? ஒரு விரல்நக அளவு விளிம்பை வைத்துக்கொண்டு இனம் விவரிக்க முடியாது. அதற்கும் மேலே ஒரு விதி உண்டு: ஒரே பேரினத்துக்குள், அதாவது நெருங்கிய இனங்களின் கூட்டத்துக்குள், ஒரு பெயரை ஒரு தடவைதான் வைக்கலாம். தப்பாக வைத்திருந்தாலும் வைத்தது வைத்ததுதான், அந்தப் பெயரை இன்னொன்றுக்குக் கொடுக்க முடியாது. நான் செய்த தப்பு அவள் பெயர் உட்காரவேண்டிய நாற்காலியில் துண்டைப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டது.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஒன்றுமே செய்யாமல் இருந்துவிட்டால் என்ன? கல்லில் படலம் இல்லை, மறுபாதி ‘கிடைக்கவில்லை’. சோடாபுட்டி என்னை மீறி எதுவும் எழுத மாட்டாள். இயக்குநருக்குச் சந்தோஷம். தங்கச்சிக்குப் பெயர் மிச்சம். எனக்கு இரண்டு வருஷம் ஓடிவிடும். யாருக்கு என்ன நஷ்டம்?

எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் திங்கட்கிழமை அந்தக் கல்லைப் பார்க்கவேண்டுமே.

மே 3, சனி

வந்துவிட்டாள்.

சொல்லாமல் கொள்ளாமல். வாசல் காவலர் போன் பண்ணி, “மேடம், ஒரு அம்மா வந்திருக்காங்க, பையில கல்லு வெச்சிருக்காங்க, உள்ள விடவா?” என்றார். இறங்கிப் போனேன். கடைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். கழுத்தில் அளவுநாடா தொங்கியது, கழற்ற மறந்துவிட்டாள்.

“நான் பக்கத்துல இருந்து பார்ப்பேன். நீ பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்ற கதையே வேண்டாம்.”

சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

உறையின் பொத்தான்களை அவளே கழற்றினாள். உள்ளே இலை. முழு இலை, கருகருவென்று, ஓரம் கூடச் சிதையாமல். என் கண்ணில் நீர் வந்துவிட்டது. என் பாதி வெள்ளைக் கல்லில் பழுப்பு நிழல். உயிர் அத்தனையும் அவள் பாதியில்தான் இருந்திருக்கிறது. நாங்கள் அலமாரியில் குளிர்சாதனம் போட்டுப் பாதுகாத்தோம். அவள் ஃபிளானல் உறையில் பாதுகாத்திருக்கிறாள், இருபத்திரண்டு வருஷம், தினமும் எடுத்துப் புழங்கிக்கொண்டே.

நட்டநடு இலையிலிருந்து மூன்று மில்லிமீட்டர் எடுத்தேன். “தள்ளு, நான் எடுக்கிறேன்” என்று சொல்வாளோ என்று பயந்தேன், சொல்லவில்லை. அமிலத்தில் போட்டோம். கரி வெளுத்துத் தேன் நிறத்துக்கு வர நான்கு மணி நேரம் ஆயிற்று. அதுவரை மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்தோம். சோடாபுட்டியின் கோட்டில் அக்குள் தையல் விட்டிருந்தது. தங்கச்சி பையிலிருந்து ஊசி நூலை எடுத்து, “கழட்டிக் கொடும்மா” என்று வாங்கித் தைத்துக்கொடுத்தாள்.

பிறகு தண்ணீரில் அலசி அம்மோனியாவில் விட்டதும் மிச்சக் கறுப்பு புகையாகக் கழன்று போயிற்று. வெங்காயத் தோலைவிட மெல்லிசாக ஒரு துண்டு மிதந்தது. கண்ணாடியில் ஏற்றினேன்.

“நீயே முதல்ல பாரு” என்று நகர்ந்துகொண்டேன். தைரியமில்லை என்பதுதான் நிஜம்.

நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். திருகைத் திருப்பச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை, அந்த லீவில் படம் போடப் பழகியது அவள் விரல்களுக்கு மறக்கவில்லை. ஸ்லைடை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நகர்த்தினாள்.

“என்னடி தெரியுது?”

“காஜா.”

“என்ன?”

“பொத்தான் காஜா மாதிரி இருக்கு. வரிசையா. ஒவ்வொரு காஜாவுக்கும் ரெண்டு பக்கமும் ஒரு பட்டை அடிச்ச மாதிரி. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. சுத்தி இருக்கிற தையலெல்லாம் நெளிநெளியாப் போகுது.”

சோடாபுட்டி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். நான் பார்க்கவேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது.

“அப்போ என் பேரு போச்சா?” என்றாள், கண்ணை எடுக்காமலே.

“போச்சு.”

“ம்.” திருகை இன்னொரு தரம் திருப்பினாள். “பென்சில் இருக்கா?”

கேமரா இருக்கிறது, ஒரு பொத்தானை அமுக்கினால் போதும் என்று சொல்ல வாயெடுத்த சோடாபுட்டியை மேஜைக்கு அடியில் காலால் மிதித்தேன்.

மே 4, ஞாயிறு

நேற்று போகும்போது கல்லை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனாள். உறையை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

மே 19, திங்கள்

கட்டுரை எழுதுகிறோம். ‘திருத்தம்’ என்று தலைப்பிலேயே போட்டேன். மறுபாதி கிடைக்கவில்லை என்று முன்பு எழுதியது உண்மையல்ல என்று ஒரு வாக்கியம். பதினெட்டுத் தடவை எழுதி அடித்தேன். பூசி மெழுக எத்தனை சொல் இருக்கிறது நம்மிடம். கடைசியில் சோடாபுட்டி, “நேராவே எழுதுங்க மேடம்” என்றாள். எழுதினேன்.

ஆசிரியர் வரிசையில் முதல் பெயர் தங்கச்சியுடையது. இரண்டாவது சோடாபுட்டி. மூன்றாவது நான். ‘எங்கே பணிபுரிகிறார்’ என்ற இடத்தில் கடையின் முகவரியைப் போட்டோம்.

ஜூன் 10, செவ்வாய்

கூடம் திறந்தார்கள். பழைய பலகையோடுதான். ‘சைக்கஸ் குடும்பத்தின் அரிய மூதாதை’ என்று ஓரடி உயர எழுத்தில் என் தப்பு. வந்தவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இயக்குநர் என் கையைக் குலுக்கி, “சிரிங்க மேடம்” என்றார். போட்டோவில் நான் பல்வலிக்காரி மாதிரி வந்திருக்கிறேன்.

தங்கச்சியை அழைத்தேன். வரவில்லை. “தப்பான பலகையைப் பார்க்க எதுக்கு ஒரு நாள் கடையை மூடணும்?”

ஆகஸ்ட் 21, வியாழன்

கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். மதிப்பீடு செய்தவரின் ஒரு குறிப்பு: முதல் ஆசிரியரின் வரைபடங்கள் மிகச் சிறப்பு, அவருடைய வேறு வெளியீடுகள் இருந்தால் மேற்கோள் காட்டவும்.

இருந்தன. ஆறு படம். கீழே என் பெயர்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பலகையை மாற்றுகிறார்கள். ஸ்டோர்காரர் படிவம் கேட்டார்: ‘எதற்காக’. ‘நான் தப்புச் செய்ததால்’ என்று எழுதிக் கொடுத்தேன். அன்றைக்கே புதுப் பலகைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நவம்பர் 15, சனி

கடையில் இருந்தேன். சனிக்கிழமைகளில் இப்போது போகிறேன். பொத்தான் பிரித்துக் கொடுப்பேன், கீழே சிந்திய ஊசி பொறுக்குவேன், திட்டு வாங்குவேன். கல் இருந்த இடத்தில் இவர் கொடுத்த பழைய லிஃப்ட் எடை ஒன்று இருக்கிறது. அந்த ஃபிளானல் உறையை அதற்கு மாட்டியிருக்கிறாள், அளவு பெரிதாக இருந்து ஒரு பக்கம் பிடித்துத் தைத்திருக்கிறாள். என்னிடம் இன்னும் முன்போலப் பேசுவதில்லை. கேட்டால் பதில் வரும், அவ்வளவுதான்.

சுவரில் ஃப்ரேம் அதேதான். உள்ளே புதுக் கட்டுரையின் முதல் பக்கம். பழையதை எறிந்துவிட்டாயா என்று கேட்டேன். “அடியில இருக்கு” என்றாள்.

பேன்ட் உயரம் குறைக்க ஒருவர் வந்தார். பழைய வாடிக்கை. குனிந்து குண்டூசி குத்திக்கொண்டிருந்தவளிடம், “அந்த டைனோசர் காலத்துச் செடி உங்க பேருதானே?” என்று சுவரைக் காட்டினார்.

“இருந்துச்சு. இப்ப இல்ல.”

“ஏன், என்னாச்சு?”

“தப்பா வெச்ச பேரு. நாங்கதான் எடுத்தோம்.” அடுத்த ஊசிக்குக் கையை என் பக்கம் நீட்டினாள். “நேரா நில்லுங்க சார், அளவு மாறுது.”

நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். ஊசியை எடுத்துக் கொடுத்தேன்.